பாய்லர் தகட்டில் இருந்த பெயர்

என் பெயரின் பின்பாதி ஸ்காட்லாந்துக்காரர்களுடையது. அதை இங்கே முழுதாக எழுதப் போவதில்லை. அந்தப் பெயருக்கு நிஜமான சொந்தக்காரர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்; அவர்களில் ஒருவருக்கு நான் செய்ததே போதும். 'மக்' என்று தொடங்கும், இரண்டே அசையில் முடிந்துவிடும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடியில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவும் இல்லை. 'மக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். கணக்கில் நான் வாங்கிய மார்க்கும் அதற்குத் தோதாகவே இருந்தது.

எங்கள் கடற்கரையில் வெளிநாட்டுப் பெயர் ஒன்றும் அதிசயமில்லை. போர்த்துக்கீசியர்கள் வந்து போன ஊர். கண்ணை மூடிக்கொண்டு கல்லை விட்டெறிந்தால் அவர்கள் பெயர் உள்ள ஒரு வீட்டில்தான் விழும். ஸ்காட்லாந்துப் பெயர் மட்டும் எங்கள் ஒரு வீட்டில்தான் இருந்தது. அதற்கு அப்பா ஒரு கதை வைத்திருந்தார். பஞ்சாலைக்கு எந்திரம் பூட்ட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவர் எங்கள் மாதா கோயிலில் வைத்து உள்ளூர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாராம். ஒரு மகன் பிறந்த கையோடு காலரா கண்டு இறந்துபோனாராம். அந்த மகன்தான் அப்பாவின் தாத்தா, என் பூட்டன். இதைச் சொல்லும்போது அப்பாவின் கன்னங்கரேலென்ற நெற்றி பெருமையில் பளபளக்கும்.

உண்மையைச் சொன்னது அப்பாவின் அக்கா. என் அக்காவுக்கு வந்த நல்ல வரன் ஒன்றை, நம் துரை பரம்பரைக்குத் தோதுப்படாது என்று அப்பா தட்டிக்கழித்த அன்று அத்தைக்குப் பொறுமை போய்விட்டது. வீட்டின் நடுவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"தொரையுமில்ல, தொப்பியுமில்ல. நம்ம தாத்தா ஆலையில பாய்லருக்குத் தீ போட்டவரு. பாய்லர் தகட்டுல எழுதியிருந்த பேரு இது. அதச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருக்கே ஒட்டிக்கிட்டு."

ஆலையில் மூன்று பாய்லர்கள் இருந்தனவாம். மூன்றும் வெவ்வேறு கம்பெனியில் செய்து கப்பலேறி வந்தவை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் செய்தவன் பெயர் பொறித்த பித்தளைத் தகடு. எந்த ஆள் எந்த பாய்லருக்குத் தீ போடுகிறானோ, அவனை அந்தப் பெயர் சொல்லித்தான் மேஸ்திரி கூப்பிடுவாராம். கோயில் ரெஜிஸ்தரிலும் சாமியார் காதில் விழுந்ததையே எழுதிவிட்டார். அப்பா அதற்குப் பிறகு அத்தையோடு ஒரு வருஷம் பேசவில்லை. சாகும்வரை தன் கதையை விடவும் இல்லை. எனக்கு அப்போது பதினாறு வயது. இரண்டு கதையும் தெரிந்தவனாக வளர்ந்தேன். வசதிப்பட்டபோதெல்லாம் அப்பாவுடையதை எடுத்துக்கொண்டேன்.

புது நூற்றாண்டு பிறந்த கையோடு ஷார்ஜாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் யார்டில் வேலை கிடைத்துப் போனேன். ஏர்போர்ட்டில் பட்டாண் டிரைவர் ஒருவர் என் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய் அவர் முன்னால் நின்றேன். அவர் என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "ஹட் ஜாவோ பாய், சாப் ஆ ரஹா ஹை" என்றார்; தள்ளி நில், துரை வருகிறார் என்று. அந்த சாப் நான்தான் என்று நம்பவைக்க பாஸ்போர்ட்டைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. வழி நெடுக அவர் கண்ணாடியில் என்னை அடிக்கடி பார்த்துக்கொண்டே வண்டி ஓட்டினார்.

யார்டில் எனக்கு பிளானர் வேலை. எந்தக் கப்பலுக்கு எந்த நாளில் எந்த வேலை என்று தாள் தயாரிப்பது. ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் வெல்டிங்கிலும் பெயிண்டிங்கிலும் இருந்தார்கள். என் பெயரைப் பார்த்ததும் அவர்களும் 'தொரை' என்றே வைத்துவிட்டார்கள். "தொரை வந்துட்டாரு, ஏசியப் போடுங்கப்பா" என்பார்கள். யார்டில் ஏசி இருந்ததே எங்கள் கன்டெய்னர் ஆபீசில் மட்டும்தான். லேபர் கார்டு வந்தபோது அடுத்த கூத்து. டைப்பிங் சென்டரில் என் பெயரை அரபியில் எழுதியபோது அது 'மக்கி' ஆகிவிட்டது. மக்கி என்றால் அவர்களுக்கு மக்கா நகரத்துக்காரர். கார்டை வாங்கிப் பார்த்த போலீஸ்காரர் ஒருவர் என் முகத்தையும் கழுத்துச் சிலுவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஸ்காட்லாந்தில் கிளம்பி, பாய்லரில் ஏறி, தூத்துக்குடியில் இறங்கி, இப்போது மக்கா வரைக்கும் போய்விட்ட பெயரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் ரோலாவுக்கு நடந்தேன். எனக்கு அது கனவில் நடக்கிற மாதிரியே இருந்தது.

ஷார்ஜாவில் ரோலா என்ற அந்தப் பகுதியில்தான் குடியிருந்தோம். மனைவி அங்கே ஒரு கிளினிக்கில் நர்ஸ். மகளுக்கு அப்போது மூன்று வயது.

அந்த ஸ்காட்லாந்துக்காரர் வந்தது நான் போய் மூன்றாம் வருஷம். இன்ஷூரன்ஸ் தரப்பில் கப்பல்களைச் சோதிக்க வருகிற சர்வேயர். அறுபது வயதிருக்கும். நெடுநெடுவென்று, தோள் கொஞ்சம் வளைந்து, வெயிலில் சிவந்து சிவந்து கடைசியில் செங்கல் நிறமே நிலைத்துவிட்ட முகம். யார் என்ன சான்றிதழ் நீட்டினாலும், கையில் வைத்திருக்கும் சின்னச் சுத்தியலால் தானே தட்டிக் கேட்காமல் கையெழுத்துப் போடமாட்டார். ஒரு நாள் அவர் என் வேலைத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஆபீஸ் கதவைத் திறந்தார். தாளின் அடியில், தயாரித்தவர் என்ற இடத்தில் என் முழுப் பெயர் இருந்தது. இந்த ஆள் எங்கே என்று கேட்டார். பட்டாண் டிரைவரைப் போலவே அவரும் எனக்குப் பின்னால்தான் தேடினார். நான் வகுப்பில் பையன்கள் தூக்குவது போல ஒரு விரலைத் தூக்கினேன்.

இந்தப் பெயர் உங்களுக்கு எப்படி வந்தது என்று கேட்டார். நான் அப்பாவின் கதையைச் சொன்னேன்.

ஏன் சொன்னீர்கள் என்று பின்னால் என் மனைவி பல தடவை கேட்டாள். வாழ்நாள் முழுக்கக் கேலிக்கு மட்டுமே பயன்பட்ட பெயரை முதல் முறையாக ஒருவர் சரியாக உச்சரித்தார், மரியாதையாக உச்சரித்தார். அவ்வளவுதான் காரணம். அந்த நேரத்தில் வாயில் வந்தது அப்பாவின் கதைதான், அத்தையுடையது வரவில்லை.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கும் அதே பெயர். அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர், ஆலைகளுக்கு எந்திரம் பூட்டுகிற வேலைக்காகத் தென்னிந்தியாவுக்குக் கப்பலேறியிருக்கிறார். தூத்துக்குடியிலிருந்து ஒரே ஒரு கடிதம் வந்திருக்கிறது. இங்கே ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன் என்று அதில் எழுதியிருந்தாராம். அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை. நூறு வருஷத்துக்கு மேலாக அந்த வீட்டில் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். இப்போது அந்த வீட்டில் மிச்சம் இரண்டே பேர்: மனைவியை இழந்த, பிள்ளையில்லாத இவர்; ஸ்காட்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும், கல்யாணமே செய்துகொள்ளாத அக்கா. "எங்களோடு முடிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்" என்றார். தொட்டியில் ஓட்டை இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார். பிறகு என் பெயர் இருந்த தாளை இரண்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு என் வெள்ளிக்கிழமைகள் அவருக்குப் போயின. காலையில் கோயில் முடிந்ததும் ரோலாவில் பஸ் ஏறி துபாயில் தேராவில் இறங்கி, அப்ரா படகில் க்ரீக் என்ற கடல்கழியைக் கடந்து பர் துபாய் போவேன். சில நாள் மகளும் வருவாள். படகுத்துறையிலிருந்து துணிக்கடைகளைத் தாண்டிப் போனால் இந்துக் கோயிலுக்கு மாலை கட்டுகிற சந்து. மல்லிகை வாசனையைத் தாண்டியதும் அவருடைய பழைய கட்டிடம். சாப்பாட்டு மேசை முழுக்க ஒரு நீளமான டிராயிங் தாளை விரித்திருப்பார். சுருண்டுவிடாமல் இருக்க நான்கு மூலையிலும் கப்பல் நட்டுகள். அதில் ஒன்பது தலைமுறைப் பெயர்கள், எஞ்சினியரின் கையெழுத்தில், ஒரே உயரத்தில்.

அவர் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பேன். அவர்களுடைய பழைய மொழியில் 'மக்' என்றால் மகன். நான் திடுக்கிட்டு, எங்கள் மொழியில் மகனுக்கு மகன் என்றுதான் பெயர், மக்கள் என்றால் பிள்ளைகள் என்றேன். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. எழுந்து போய் அதை ஒரு நோட்டில் குறித்துவைத்தார். இரண்டு மொழிக்கும் சம்பந்தம் கிடையாது, தற்செயல்தான் என்று அவரே சொன்னார். குறித்துவைப்பதை மட்டும் விடவில்லை.

அந்தப் பெயர் முதலில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையின் மழையில் இருந்ததாம். அங்கே மலைக்கும் கடலுக்கும் நடுவில் கொஞ்சம் நிலம், அதில் ஆடுகள், கல் வீடுகள். பிறகு சண்டை, பிறகு பஞ்சம், பிறகு நிலத்துக்குச் சொந்தக்காரன் ஆட்களைவிட ஆடுகளே லாபம் என்று கண்டுபிடித்தான். பெயர் மூட்டை கட்டிக்கொண்டு கிழக்கே ஊர்களுக்கு இறங்கியது. ஒரு பங்கு கடலைக் கடந்து அயர்லாந்து போனது. இன்னொரு பங்கு கனடாவுக்கு, பாதிப் பேரைக் கடலிலேயே விட்டுவிட்டு. ஒருவன் நியூசிலாந்தில் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்கப் போய்ப் பதினொரு பிள்ளைகள் பெற்றான். ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தான். இவர்களுக்கு எழுதத் தெரியாது, அவனுக்குக் காது சரியில்லை. ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள் கப்பலை விட்டு இறங்கும்போது வேறு வேறு எழுத்தில் இறங்கினார்கள். இதைக் கேட்டதும் எனக்கு எங்கள் டைப்பிங் சென்டர் ஞாபகம் வந்து, மக்கி ஆன கதையைச் சொன்னேன். அவர் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் பாதித் தூக்கம் வரும். ஜன்னலுக்கு வெளியே தூசியும் வெயிலும் கலந்து கட்டிடங்கள் மங்கலாகப் போய்க்கொண்டிருக்கும். அந்த மங்கலுக்குள் மழை பெய்வது எனக்குத் தெரியும். கல் வீட்டு வாசலில் யாரோ நின்று என்னை உள்ளே வா என்பார்கள். நான் லுங்கியும் பனியனுமாக அந்தப் பச்சை மலைமேல் நடப்பேன். யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். ரோலாவில் பஸ் நிற்கும்போது கொஞ்சம் வருத்தமாகவே இறங்குவேன். பொய் என்பது அப்போதெல்லாம் எனக்கே மறந்துபோயிருந்தது. எனக்கு அந்தக் குடும்பம் பிடித்திருந்தது, அதுதான் உண்மை.

ஒரு வெள்ளிக்கிழமை பெயரின் அடுத்த பாதிக்கு அர்த்தம் சொன்னார். அது ஒரு பழைய காலத்து மனிதனின் பெயராம். நெருப்பு என்று பொருள். ஆக முழுப் பெயருக்கும் அர்த்தம் நெருப்பின் மகன்.

எனக்குப் பூட்டன் ஞாபகம் வந்தது. ஆயுள் முழுவதும் நெருப்புக்கு முன்னால் நின்று, கரியை அள்ளி அள்ளிப் போட்டு, புருவம் பொசுங்கிய ஒரு மனிதனுக்கு, இந்த அர்த்தம் தெரியாமலே ஒரு தகடு இந்தப் பெயரைக் கொடுத்திருக்கிறது. அதை அவரிடம் சொல்ல வேண்டும் போலத் துடித்தது, வாய்வரை வந்தது. சொன்னால் மற்றதும் வெளியே வந்துவிடும். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அவருடைய தாளில் தூத்துக்குடிக்குப் போன தம்பியின் பெயருக்குக் கீழே பல வருஷமாகக் காலியாக இருந்த இடத்தில், இப்போது பென்சிலால் ஒரு புள்ளிக்கோடு வந்திருந்தது. அதன் அடியில் என் பூட்டன், தாத்தா, அப்பா, நான், கடைசியாக என் மகள். கோயில் ரெஜிஸ்தரின் நகல் வந்ததும் மையால் எழுதிவிடலாம் என்றார். நகலுக்கு ஊரில் சொல்லியிருக்கிறேன் என்றேன். சொல்லவில்லை. மகளின் படம் ஒன்றை அக்காவுக்கு அனுப்பக் கேட்டார், கொடுத்தேன். மூன்று வாரத்தில் அக்காவின் பதில் வந்தது. பிள்ளைக்கு எங்கள் அம்மாவின் தாடை அப்படியே இருக்கிறது என்று எழுதியிருந்தாளாம். என் மகளுக்கு இருப்பது என் மாமியாரின் தாடை. அந்த மாமியாரின் தாடையோடு நான் எத்தனை தடவை மோதியிருக்கிறேன் என்று எனக்குத்தான் தெரியும். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் போனது. பிறகு அவருக்கு வேலையிலிருந்து ஓய்வு வந்தது. விசா முடிகிறது, ஊருக்குத் திரும்புகிறேன் என்றார். போகிற வழியில் தூத்துக்குடிக்குப் போய் ரெஜிஸ்தரைத் தானே பார்த்துவிட்டு, கொள்ளுத்தாத்தாவின் தம்பியுடைய கல்லறையையும் தேடிப் பார்க்கப் போவதாகச் சொன்னார். டிக்கெட் வாங்கிவிட்டார். உங்கள் அத்தை உயிரோடு இருக்கிறாராமே, அவரைப் பார்த்து நாலு வார்த்தை பேச வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தலையைப் பின்னிக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளையில்லாத மனுசருங்க அவரு. அங்க போயி ஒரு பாய்லருக்கு முன்னாடி நிக்கணுமா? நீங்க சொல்லலன்னா நான் சொல்லிருவேன்."

அடுத்த வெள்ளிக்கிழமை ஜனவரியின் கடுமையான மூடுபனி. க்ரீக்கின் அக்கரை தெரியவில்லை. படகில் இருந்தவர்கள் எல்லாரும் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே வரும் படகுகளின் சத்தம் மட்டும் வந்தது, படகு வரவில்லை. இப்படியே போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து நிமிஷத்தில் கரை வந்துவிட்டது.

அவர் தேநீர் ஊற்றும்வரைகூடக் காத்திருக்கவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவின் கதை, அத்தை கத்தியது, மூன்று பாய்லர், தகடு. எனக்கு முதலிலிருந்தே தெரியும் என்பதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுச் சொல்லியிருக்கலாம், ஆனால் சொல்லிவிட்டேன்.  முடிந்ததும், தகடு வார்ப்பிரும்பா பித்தளையா என்று கேட்டார். பித்தளை என்று அத்தை சொன்னாள் என்றேன். தலையை ஆட்டினார். ஒரு கப்பலைச் சோதித்து முடித்தபின் ஆட்டுவது போலத்தான்.

"அப்படியென்றால் எங்களோடு முடிகிறது" என்றார்.

மேசைக்குப் போய் ரப்பரை எடுத்து அந்தப் புள்ளிக்கோட்டை அழித்தார். அவசரப்படாமல், தாள் கிழியாமல், துகளை உள்ளங்கையால் ஒதுக்கி ஒதுக்கி அழித்தார். எனக்கு அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டால் தேவலை என்றிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எங்கள் ஐந்து பேரின் பெயரை மட்டும் அழிக்காமல் விட்டார். யாரோடும் ஒட்டாமல் தாளின் ஓரத்தில் அவை தனியாக நின்றன. அவர் என் பூட்டனின் பெயர்மேல் விரலை வைத்தார்.

"தகட்டுப் பெயர் வருவதற்கு முன்னால் அவருக்கு என்ன பெயர்?"

 

அவருடைய ஒன்பது தலைமுறையையும் நான் மனப்பாடமாகச் சொல்வேன். கனடாக் கப்பலில் செத்தவனைத் தெரியும். நியூசிலாந்தில் ஆட்டு மயிர் கத்தரித்தவனின் பதினொரு பிள்ளைகளில் ஆறு பேரைப் பெயரோடு தெரியும். என் பூட்டனுக்கு அவனுடைய அம்மா வைத்த பெயரில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. தெரியாது என்பதுகூட அன்றுவரை எனக்குத் தெரியாது. துரை உண்டா இல்லையா என்றுதான் எங்கள் வீட்டில் இரண்டு தலைமுறையாகச் சண்டை போட்டோமே தவிர, அந்த மனிதன் யார் என்று யாரும் கேட்கவில்லை. அத்தையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். 

மறுநாள் ரோலாவில் டெலிபோன் பூத்திலிருந்து அத்தையைக் கூப்பிட்டேன். அவளுக்குக் காது மந்தம். பக்கத்து பூத்தில் பேசிக்கொண்டிருந்தவர் கண்ணாடி வழியே திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்திக் கேட்டேன்.  

"தெரியாதய்யா. ரெஜிஸ்தர்லயும் இந்தப் பேருதான் இருக்கு. அவரு பேரு தெரிஞ்சவ எங்க ஆச்சி ஒருத்திதான். அவ புருசன் பேரச் சொல்லுவாளா? 'அவிய'ன்னுதான் சொல்லுவா. 'அவிய வந்தாவ, அவிய சாப்பிட்டாவ.' சாகுற அன்னைக்கும் 'அவிய கூப்பிடுதாவ'ன்னு சொல்லிட்டுத்தான் கண்ண மூடுனா."

ரிசீவரை வைத்துவிட்டு பூத்துக்குள்ளேயே நின்றேன். உலகத்தில் அந்தப் பெயரை அறிந்திருந்த ஒரே ஒருத்தி, மரியாதையால் அதை வாயை விட்டு வெளியே விடவில்லை. அவளோடு அது போய்விட்டது. வெளியே காத்திருந்த ஆள் கதவைத் தட்டினார்.

கடைசி வெள்ளிக்கிழமை போனபோது அவருடைய வீட்டில் பெட்டிகள் கட்டியிருந்தன. பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அத்தை சொன்னதைச் சொன்னேன். எங்கள் பெண்கள் கணவன் பெயரைச் சொல்ல மாட்டார்கள் என்பதை விளக்கினேன். என் பூட்டி அவரைக் குறிப்பிட ஒரே ஒரு சொல்தான் வைத்திருந்தாள், அது பெயரல்ல, 'அவர்' என்பதுதான் எங்கள் ஊர்ப் பேச்சில் அப்படி வரும் என்றேன். அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லச் சொன்னார். "அவிய" என்றேன். அவரும் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் அது கொஞ்சம் உருண்டது, ஆனாலும் சரியாகவே வந்தது.

பிறகு அவர் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவளும் தன் கணவரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லையாம். 'ஹிம்செல்ஃப்', அதாவது 'அவரே', என்பாளாம். ஹிம்செல்ஃப் இன்னும் வரவில்லை. ஹிம்செல்ஃப் தூங்குகிறார், சத்தம் போடாதே. அப்பா செத்த பிறகும், ஹிம்செல்ஃபுக்கு இது பிடிக்காது என்று சொல்லித்தான் வீட்டில் ஒவ்வொன்றும் நடந்ததாம். அப்பாவுக்கு ஒரு பெயர் இருக்கிறது என்பதே பள்ளிக்கூடத்தில் ஃபாரம் நிரப்பியபோதுதான் தனக்குத் தெரிந்தது என்றார். சிரிக்க முயற்சி செய்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகம் தெரியாத, பெயர் தெரியாத, வீட்டில் யாரும் அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிராத அந்தத் தீ போடுகிற மனிதனுக்காக அழுதேன். அவர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தூத்துக்குடி டிக்கெட்டை ரத்து செய்துவிட்டதாகச் சொன்னார். நேராக அக்காவிடம் போகிறார். அவளுக்கு இனி அதிக நாளில்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறாராம். என் மகளின் படத்தைத் தலைமாட்டில் வைத்திருக்கிறாளாம். வருகிற போகிற நர்சுகளிடமெல்லாம், எங்கள் வீட்டுப் பிள்ளை, அரபு நாட்டில் வளர்கிறது என்று தினமும் காட்டுகிறாளாம்.

"அவளிடம் நான் சொல்லப் போவதில்லை" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே. "உங்களுக்குச் சம்மதமா?"

ஆயுளில் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டிராத மனிதர். கேட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.  பர்ஸைத் திறந்தேன். மகளின் புதுப் படம் ஒன்று இருந்தது; முன்பல் இரண்டும் விழுந்த பிறகு பள்ளிக்கூடத்தில் எடுத்தது. அதை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

அவர் வந்து அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பின்புறம் பிள்ளையின் பெயரை எழுதித் தரும்படி பேனாவை நீட்டினார். பின்பாதியையும் சேர்த்து முழுப் பெயரையும் எழுதிக் கொடுத்தேன்.